மலை ஏறிய தராசு

எலெக்ட்ரானிக் தராசு சர்வீஸ் வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஏற்காட்டில் ஓர் ஆய்வகத்துக்குப் புதுத் தராசு கொண்டுபோனேன். சேலம் செவ்வாய்ப்பேட்டையிலேயே கேலிப்ரேஷன், அதாவது தெரிந்த கல்லை வைத்து அளவைச் சரிசெய்வது, முடித்து, 200 கிராம் கல்லுக்கு 200.00 வந்ததைப் பார்த்துவிட்டுத்தான் பெட்டியில் கட்டினேன். இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி, மேசையில் வைத்து மட்டம் பார்த்து, அதே கல்லை வைத்தால் 199.95. எடுத்துவிட்டு மறுபடி வைத்தேன். அதே 199.95. காற்று படுகிறதோ என்று ஜன்னலைச் சாத்தினேன். அங்கிருந்த அம்மா, "புதுசுங்கறீங்க, வரும்போதே குறையுதே" என்றார்.

கடைக்குப் போன் செய்தால் பெரிய மெக்கானிக் அண்ணன் சிரிக்கிறார். "மலைக்கு மேல வச்சு இன்னொரு தடவை கேலிப்ரேஷன் போடணும் தம்பி. தராசு மேல தப்பில்ல."

சேலம் நகரம் கடல் மட்டத்திலிருந்து 280 மீட்டர் வாக்கில். ஏற்காடு சுமார் 1,500. அந்த உயரத்துக்குப் பூமியின் இழுப்பு கிட்டத்தட்ட நாலாயிரத்தில் ஒரு பங்கு குறைகிறது. எலெக்ட்ரானிக் தராசுக்குள் பாரத்தை உணரும் லோடு செல் அளப்பது அந்த இழுப்பைத்தான். பழைய இரட்டைத் தட்டுத் தராசாக இருந்தால் இரண்டு பக்கமும் சேர்ந்தே குறைந்திருக்கும், எனக்கும் திட்டு மிச்சமாகியிருக்கும். நிறை வேறு, எடை வேறு என்று பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியவன்தான் நான். உறைத்தது அன்றைக்குத்தான்.

2012 ஜூலையில் செர்ன் என்ற ஐரோப்பியத் துகள் ஆய்வுக்கூடத்தில் ஹிக்ஸ் துகளைக் கண்டதாக அறிவித்தபோது, கொலுசுப் பட்டறைகளில் என்னைப் பிடித்துக்கொண்டார்கள். "எடையைக் குடுக்கற துகளாமே, அதுதான் புவியீர்ப்பா?" தராசுக்காரனுக்கு எல்லாம் தெரியும் என்ற நினைப்பு. அப்புறம் தேடிப் படித்தேன்.

அந்தத் துகளுக்குப் பின்னால் எங்கும் பரவியிருக்கும் ஹிக்ஸ் புலம்தான் எலெக்ட்ரான், குவார்க் போன்ற அடிப்படைத் துகள்களுக்கு நிறை தருகிறது. ஆனால் அணுக்கருவில் இருக்கும் புரோட்டானின் நிறை, இயற்பியலாளர்கள் சொல்லும் அலகில், 938. உள்ளே இருக்கும் மூன்று குவார்க்குகளைத் தனியாகக் கூட்டினால் ஏறக்குறைய 9. மற்றதெல்லாம் அந்தக் குவார்க்குகள் ஓடுகிற ஓட்டமும், அவற்றைக் கட்டிப்போடும் குளுவான் புலத்தின் ஆற்றலும்தான். 100 கிராம் வெள்ளியில் ஹிக்ஸ் கணக்கு ஒரு கிராம்தான் தேறும். அதற்காக அதை அலட்சியம் செய்யவும் முடியாது. எலெக்ட்ரானுக்கு நிறை இல்லையென்றால் அணுவே நிற்காது, கொலுசு எங்கே?

புவியீர்ப்போ இந்தப் பிரிவினை எதையும் பார்ப்பதில்லை. ஐன்ஸ்டைன் சொன்னபடி அது ஆற்றல் எந்த வடிவில் இருந்தாலும் இழுக்கும். நிறையே இல்லாத ஒளியும் சூரியனருகே வளைவதை 1919 கிரகணத்தில் அளந்தார்கள். பிளாட்டினத்தையும் டைட்டானியத்தையும் விண்ணில் விழவிட்டுப் பார்த்த, மைக்ரோஸ்கோப் என்று பெயர் வைத்த செயற்கைக்கோளும், ஆயிரம் லட்சம் கோடியில் சில பங்கு என்ற நுணுக்கம் வரைக்கும் இரண்டும் விழுவதில் வித்தியாசம் காணவில்லை. ஆனால் துகள்களின் கணக்கை இவ்வளவு சுத்தமாகப் போடும் கோட்பாட்டுக்குள் புவியீர்ப்புக்கு இன்னும் இடம் கிடைக்கவில்லை. இது எனக்கு விசித்திரமாகவே படுகிறது.

பட்டறை அண்ணன் ஒருவருக்கு இதையெல்லாம் சொன்னேன். மூசையில் வெள்ளி உருகிக்கொண்டிருந்தது. ஒரு கிலோ வெள்ளியை 961 டிகிரியில் உருக்கினால், ஏறிய சூட்டுக்கும் எடை உண்டு, ஒரு கிராமில் நூறு கோடியில் மூன்று நான்கு பங்கு கூடும் என்றேன். என் எந்தத் தராசிலும் அது தெரியாது.

அவர் இடுக்கியால் மூசையைப் பிடித்தபடியே, "கூடறதைச் சொல்றியே தம்பி, உருக்கும்போது சேதாரம் போகுதே, அதுக்கு ஐன்ஸ்டைன் என்ன சொல்றாரு?" என்றார்.