நோட்டில் இருந்த மூன்று கார்

பாரிசுக்கு வந்த புதிதில், காதில் விழுந்த பிரெஞ்சுச் சொற்களை ஒரு நோட்டில் தமிழில் எழுதி வைப்பேன். முதல் பக்கம் முழுக்க வண்டி வாகனம்தான். வாசல் தாண்டினால் அவைதானே முதலில் தேவைப்படுகின்றன? மெத்ரோ, த்ராம், வெலோ. வெலோ என்றால் சைக்கிள். நாம் கார் என்பது அங்கே வுவாத்யூர். அப்புறம் 'கார்' என்றே ஒரு சொல்: ரயில் நிலையம். கார் த்யூ நோர், கார் த லியோன் என்று தினமும் கேட்டதில் அது நன்றாகப் பதிந்துவிட்டது.

ஒருநாள் வெளியூர் போகும்போது, தண்டவாள வேலை நடக்கிறதென்று சின்ன ஊர் ஒன்றில் எல்லோரையும் இறக்கிவிட்டார்கள். ஊழியர் ஒருவர், "ல கார் எ தெவான் லா கார்" என்றார். நிலையத்துக்கு முன்னால் நிலையமா? புரியாமல் நடைமேடையிலேயே நின்றேன். சந்தேகம் வந்து வெளியே ஓடியபோது வெள்ளைப் பேருந்து ஒன்று முனை திரும்பிக்கொண்டிருந்தது. அடுத்தது எப்போது என்று கேட்டேன். "செத்தர் எ கார்" என்றார். ஏழே கால். குளிரில் ஒரு மணி நேரம் நின்றேன், அழுகை வந்துவிட்டது.

ஊருக்கு ஊர் போகும் பேருந்துக்கு ஒத்தோகார் என்று பெயர், பேச்சில் சுருங்கி கார். நகரத்துக்குள் ஓடுவதுதான் ப்யூஸ். மணியில் வரும் 'கால்' என்பதும் கார்தான். எழுத்தில் அதன் கடைசியில் ஒரு 'த்' (t) உண்டு, அதை உச்சரிப்பதில்லை. இந்த இரண்டும் ஒரே ஒலி, இடம் பார்த்துத்தான் பிரிக்க வேண்டும். ஆனால் ரயில் நிலையம் வேறு ஒலி. அதை மறைத்தது என் தமிழ் எழுத்து.

மாலை வகுப்பு ஆசிரியை தொண்டையில் விரல் வைத்துச் சொல்லச் சொன்னார். பேருந்தின் முதல் ஒலிக்குத் தொண்டை சும்மா இருக்கிறது, நிலையத்துக்கு அதிர்கிறது. யோசித்தால் இரண்டும் நம் நாக்கில் எப்போதும் இருப்பவைதான்: 'கடல்' என்பதில் வரும் க ஒன்று, 'தங்கம்' என்பதில் வரும் க இன்னொன்று. நாம் சொல்லின் தொடக்கத்தில் பழகியது பெரும்பாலும் முதலாவது. அன்றிரவு நோட்டில் அடித்துத் திருத்தினேன். பேருந்துக்குக் கார், நிலையத்துக்கு 'ங்கார்'. தமிழில் இல்லாத சொல்தான், ஆனால் எனக்கு அது போதுமாக இருந்தது.

'இல்' என்ற உருபும் கொஞ்சம் படுத்தியது. நமக்கு ரயிலில், சைக்கிளில், எல்லாம் ஒன்று. அவர்களுக்கு உள்ளே உட்கார்ந்து போனால் 'ஆன் த்ரேன்', மேலே ஏறி உட்கார்ந்தால் 'அ வெலோ', நடந்தால் 'அ பியே'. இது சில வாரத்தில் வந்துவிட்டது.

போன மாதம் அதே பாதையில் மறுபடி வேலை. அறிவிப்பு முடிவதற்குள் பையை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்துவிட்டேன். பேருந்தின் கதவு அப்போதுதான் திறந்தது. சரியான வண்டிதானா என்று ஓட்டுநரிடம் பிரெஞ்சில் கேட்டு ஏறினேன். முன் இருக்கை கிடைத்தது.