மாத்திரை நின்ற பின் வந்த வியர்வை

பனியும் சாரலும் ஓயாத கோத்தகிரிப் பக்கத்தில் இருமலை யாரும் நோயாகக் கருதுவதில்லை. முப்பது ஆண்டுகள் தேயிலை பறித்த, பதினைந்து ஆண்டுகளாகச் சர்க்கரை நோயுடன் வாழும் என் அத்தைக்கு 69 வயது. இரத்தம் துப்பவில்லை, காய்ச்சலும் பெரிதாக இல்லை. உடல் இளைத்ததை மூப்பு என்றே நாங்களும் நினைத்து, இருமல் மருந்திலேயே இரண்டு மாதங்களைக் கடத்திவிட்டோம். வயதானவர்களிடம் காசநோய் இப்படித்தான் அரைகுறை அறிகுறிகளோடு வருகிறது என்பது பிறகுதான் தெரிந்தது.

அத்தைக்குக் காசநோய் உறுதியான அதே மாதத்தில், மேல் லயன் வீடுகளைச் சேர்ந்த ஜீப் ஓட்டுநருக்கும் அது உறுதியானது. அவருக்கும் சர்க்கரை உண்டு, வயது 32. எடைக்கேற்ப அவருக்கு நாளுக்கு நான்கு கூட்டு மாத்திரைகள், 41 கிலோ இருந்த அத்தைக்கு மூன்று. சிகிச்சையின் இரண்டாம் மாத முடிவில் அவருடைய சளியில் கிருமி இல்லை. அத்தையின் சளியில் இருந்தது. மருந்துக்குக் கட்டுப்படாத கிருமியோ என்று சோதித்தார்கள், அப்படியில்லை. நீரிழிவு இருந்தாலே சளி தெளியத் தாமதமாகலாம், இறப்பு அபாயமும் கூடும். முதுமை அதன்மேல் ஏறும் சுமை. ஆனால் வயதை மட்டும் குற்றம் சொல்வது சோம்பல் என்பேன், ஏனெனில் நாங்கள் வீணாக்கிய இரண்டு மாதங்களும், தளர்ந்த சிறுநீரகமும் அந்தக் கணக்கில் சேர வேண்டும்.

அந்தக் கூட்டு மாத்திரையில் உள்ள எத்தாம்பியூட்டால் என்ற மருந்து பெரும்பாலும் சிறுநீரகம் வழியாகவே வெளியேறுகிறது. வெளியேறாமல் உடலில் தேங்கினால் கண் நரம்பைத் தாக்கும். அத்தைக்கோ ஏற்கெனவே கண்புரை. ஆகவே நிறம் பிரித்தறிய முடிகிறதா என்று பார்க்க, வாரந்தோறும் சிவப்பு, பச்சைக் கம்பளி நூல்களைக் கலந்து மடியில் போட்டுப் பிரிக்கச் சொல்வேன். “என்னைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளையாக்கிவிட்டாயே” என்று முணுமுணுத்துக்கொண்டே சரியாகப் பிரிப்பார்.

எனக்குப் பெரிய பாடமாக அமைந்தது ரிஃபாம்பிசின் என்ற இன்னொரு காசநோய் மருந்துதான். அது கல்லீரலின் நொதிகளை முடுக்கிவிடுவதால் கிளிமிப்பிரைடு போன்ற சர்க்கரை மாத்திரைகள் உடலில் விரைவாகச் சிதைந்துவிடுகின்றன. சர்க்கரை ஏறியதால் மருத்துவர் அளவைக் கூட்டினார். ஆறு மாதங்கள் முடிந்து, சளியும் தெளிந்து, காசநோய் மாத்திரைகள் நின்றபோது வீட்டில் பாயசம் வைத்தோம். கூட்டிய அளவைக் குறைக்க வேண்டும் என்பதை நாங்கள் கேட்கவும் இல்லை, எவரும் சொல்லவும் இல்லை. ரிஃபாம்பிசினின் தாக்கம் சுமார் இரண்டு வாரங்களில் அடங்கிவிடும். அதன்பின் அதே மாத்திரை, குறைவாக உண்ணும் முதியவருக்கு மிகையாகிவிடுகிறது.

மார்கழி உறைபனியில் ஒரு விடியற்காலை, இரண்டு கம்பளிக்குள் படுத்திருந்த அத்தையின் நெற்றி நனைந்திருந்தது. குளுக்கோமீட்டர் சர்க்கரை 54 என்று மிகத் தாழ்வாகக் காட்டியது. சர்க்கரைத் தண்ணீரைக் கரண்டி கரண்டியாகக் குடித்து முடித்ததும், “நூல் எங்கே, பிரிக்க வேண்டாமா?” என்று கேட்டார்.