“காற்றுத்தான், நடக்கச் சொல்லுங்கள்”

அப்பாவின் பெருங்குடலில் ஓட்டை விழுந்ததற்காக வைத்திய நிபுணர் மீது எனக்குக் கோபம் இல்லை. கமரா பொருத்திய குழாயை உள்ளே விட்டுப் பெருங்குடலைப் பார்க்கும் கொலொனோஸ்கோப்பியில் அரிதாக அப்படி நடக்கும். சும்மா பார்த்துவிட்டு வருவதைவிட, குடலின் உட்சுவரில் வளரும் சின்னச் சதையான பொலிப்பை மின்சூட்டால் வெட்டி எடுக்கும்போது ஆபத்து கூடுதல் என்று சொல்லித்தான் கையெழுத்து வாங்கினார். என் கோபமெல்லாம் அதற்குப் பிறகு தொலைபேசியை எடுத்தவர் மீதும், காகிதம் தர மறுத்த மருத்துவமனைக் கவுண்டர் மீதும்தான்.

தனியார் மருத்துவமனையில் பரிசோதனை குறையில்லாமல் முடிந்து, மதியமே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். கையில் தந்தவை பணம் கட்டிய பற்றுச்சீட்டும், ஆய்வுகூடத்தில் கொடுக்கச் சொல்லி, பொலிப் போட்ட சின்னப் போத்தலும். அறிக்கை எங்கே என்று கேட்டால், “தட்டச்சு செய்கிறவர் போய்விட்டார், நாளைக்கு வாருங்கள்.”

மாலையில் அப்பாவுக்கு வயிறு ஊதத் தொடங்கியது. குடலுக்குள் காற்றைச் செலுத்திப் பார்ப்பதால் கொஞ்சம் உப்புசம் வழமைதான். ஆனால் காற்றுப் பிரியப் பிரிய அது குறைய வேண்டும். இங்கே நேரம் போகப் போகக் கூடியது. மருத்துவமனைக்கு அழைத்தேன். “காற்றுத்தான் அம்மா, இஞ்சித் தண்ணீர் கொடுத்து நடக்கச் சொல்லுங்கள்” என்றது ஒரு குரல். நோயாளியின் பெயரையும் கேட்கவில்லை, என்ன வெட்டினார்கள் என்றும் கேட்கவில்லை. அம்மா இஞ்சியைத் தட்டத் தொடங்கிவிட்டார். அப்பா முற்றத்தில் நாலு அடி நடந்து, வேப்பமரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். “பிள்ளை, தோள்மூட்டும் குத்துகிறது.”

பக்கத்து வீட்டு அக்கா ஓய்வுபெற்ற தாதி. தோள் என்றதுமே இஞ்சித் தண்ணீரைத் தட்டிப் பறித்தார். “வாயில் ஒன்றும் வைக்காதே. முதலில் 1990-க்கு அழை.” குடலிலிருந்து கசிந்த காற்று, நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் உதரவிதானத்தின் கீழே போய் நின்றால், அந்த வலி தோளில்தான் தெரியுமாம். சத்திரசிகிச்சை செய்ய நேர்ந்தால் வயிறு வெறுமையாக இருக்க வேண்டும் என்பதையும் அம்புலன்ஸ் வருவதற்குள் அவரிடமே கேட்டறிந்தேன்.

பெரியாஸ்பத்திரியில் அப்பாவை நிமிர்த்தி இருத்தி நெஞ்சு எக்ஸ்ரே எடுத்தார்கள். ஈரலுக்கு மேலே, உதரவிதானத்துக்குக் கீழே, மெல்லிய கறுப்புப் பிறை. “இது இங்கே இருக்கக்கூடாத காற்று” என்றார் இளம் வைத்தியர். பிறகு சீ.ரி. ஸ்கான், சேலைன், அன்ரிபயோட்டிக், மூக்கால் ஒரு குழாய்.

சத்திரசிகிச்சை நிபுணர் பொறுமையாக விளக்கினார். கமரா உள்ளே இருக்கும்போதே ஓட்டையைக் கண்டால் உள்ளிருந்தே கிளிப் போட்டு மூடப் பார்ப்பார்கள். பிறகு தெரிந்தாலும், வயிறு மென்மையாக, நாடித்துடிப்பு சீராக இருந்தால் பட்டினி போட்டு, மருந்து ஏற்றிக் கண்காணிக்கலாம். அப்பாவின் வயிறோ பலகையாகிவிட்டது. திறக்கத்தான் வேண்டும், தேவைப்பட்டால் மலம் வெளியே சேர வயிற்றில் மலப்பையும் வைப்போம் என்றார். பிறகு கேட்டார்: “எந்த இடத்தில் வெட்டினார்கள்? எவ்வளவு பெரிது? சூடு வைத்தா, வைக்காமலா?” நான் பற்றுச்சீட்டை நீட்டினேன்.

தம்பி மோட்டார் சைக்கிளில் பறந்தான். அந்தக் கவுண்டரில் கிடைத்த பதில்: அறிக்கை வேண்டுமானால் நோயாளி நேரில் வந்து கையெழுத்திட வேண்டும். குடல் ஓட்டையாகிக் கிடக்கும் மனிதர் வரிசையில் வந்து நிற்க வேண்டுமாம்! கடைசியில் சத்திரசிகிச்சை நிபுணரே தன் கைத்தொலைபேசியில் பொலிப் வெட்டியவரை அழைத்தார். பெருங்குடலின் கடைசி வளைவான சிக்மொயிட் பகுதி, ஒன்றரை சென்ரிமீட்டர், மின்சூடு, கிளிப் இல்லை. நாலு சொல்லில் முடிந்தது. மறுநாள் காலை அந்த மனிதர் விடுதிக்கே வந்து அப்பாவின் கட்டிலருகே வெகுநேரம் நின்றார்.

ஓட்டையைத் தைத்து, வயிற்றைக் கழுவி மூடினார்கள். மலப்பை தேவைப்படவில்லை. நேரத்துக்கு வந்ததும், குடல் சுத்தமாக இருந்ததுமே காரணம் என்றார்கள். பரிசோதனைக்கு முன் குடலைச் சுத்தமாக்கத் தந்த பேதிக் கரைசலை இரவெல்லாம் திட்டித் திட்டிக் குடித்தவர் அப்பா.

இனிப் போகிறவர்கள் அறிக்கையைக் கையில் வாங்காமல் படியிறங்காதீர்கள். தட்டச்சு இல்லையென்றால் கையால் எழுதித் தரச் சொல்லுங்கள். இரவில் வைத்தியர் ஒருவர் எடுக்கக்கூடிய இலக்கத்தைக் கேளுங்கள். அஸ்பிரின், குளோபிடோகிரெல் போன்ற, இரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்துகள் குடிக்கிறவர்கள் அதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். நெடுந்தீவிலிருந்தோ வன்னியிலிருந்தோ வருகிறவர்கள் பொலிப் வெட்டினால் அன்றிரவு நகரத்திலேயே உறவினர் வீட்டில் தங்குங்கள். நடுச்சாமத்தில் வயிறு இறுகினால் நெடுந்தீவிலிருந்து குறிகட்டுவான் இறங்குதுறைக்குப் படகு தேடி எங்கே போவது? சூடு பட்ட இடம் சில நாள் கழித்தும் ஓட்டையாகலாம் என்பதால், அந்த வாரத்தில் காய்ச்சலும் வயிற்றுவலியும் சேர்ந்து வந்தால் வீட்டு வைத்தியம் வேண்டாம்.

வெட்டிய பொலிப்பை ஆய்வுகூடத்தில் பார்த்த பயொப்சியில் புற்றுநோய் இல்லை. அறிக்கையும் ஒருவழியாக வந்து சேர்ந்தது: “சிக்கல்கள்: எதுவுமில்லை.” அதன் பிரதியை இணைத்து நிர்வாகத்துக்குக் கடிதம் எழுதினேன். பதில் வரவில்லை. ஆனால் அண்மையில் அங்கே போய்வந்த அயலவரின் துண்டில் இரவுநேர இலக்கம் ஒன்று அச்சிட்டிருந்தது. அன்றிரவே அழைத்துப் பார்த்தேன். எடுத்தவர் முதலில் நோயாளியின் பெயரைக் கேட்டார்.