படித்துறை இல்லாத ஆறு

போன ஆடிப்பெருக்கு அன்று சைக்கிளின் கைப்பிடிப் பையில் மஞ்சள் கயிறு, வெற்றிலை, ஒரு கைப்பிடி காப்பரிசி எல்லாம் பொட்டலம் கட்டி எடுத்துக்கொண்டு, இங்கே மலேசியாவில் பேராக் ஆற்றங்கரைக்குப் போனேன். ஆற்றைப் பார்த்துவிட்டேன், ஆனால் இறங்கத்தான் வழி இல்லை. அரை மணி நேரம் கரையோடு சைக்கிளை உருட்டிக்கொண்டு நடந்தேன், ஒன்று புதர், இல்லாவிட்டால் செங்குத்தாக அரித்துப்போன மண். தூண்டில் போட்டுக்கொண்டிருந்த ஒரு மலாய்ப் பெரியவர், நான் விளிம்பில் நின்று எட்டிப் பார்ப்பதைக் கண்டு பதறி எழுந்து, "ஜாங்ஙான் துருன், டிக்" என்றார். இறங்காதே தங்கச்சி என்று அர்த்தம். நான் ஏதோ தப்பான முடிவோடு வந்திருக்கிறேன் என்று நினைத்துவிட்டார் போல. எனக்குத் தெரிந்த மலாயில் "செம்பாயாங், செம்பாயாங்" என்று கும்பிட்டுக் காட்டினேன். மனிதர் ஆற்றைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், அப்புறம் தன் ஃபிளாஸ்கைத் திறந்து கோப்பி ஊற்றிக் கொடுத்தார். குடித்துவிட்டு, கயிற்றை அப்படியே பையில் திரும்பப் போட்டுக்கொண்டு வந்தேன். வழியெல்லாம் அழுகை.

நான் குளித்தலைக்காரி. ஊரில் இருந்தவரை காவிரியில் இறங்காமல் எனக்கு ஒரு ஆடியும் போனதில்லை. வீட்டுக்காரருக்குச் செம்பனை, அதாவது எண்ணெய்ப்பனை, ஆலையில் வேலை கிடைத்து சுங்கை சிப்புட்டுக்கு வந்து இரண்டு வருடம் ஆகிறது. ஈப்போவுக்கு வடக்கே, முதலில் ரப்பரையும் இப்போது செம்பனையையும் சுற்றிலும் கட்டிக்கொண்டு கிடக்கும் ஊர். தமிழ்ப் பள்ளி இருக்கிறது, கோயில் இருக்கிறது, கறிவேப்பிலை இருக்கிறது. அதனால் ஒன்றும் கஷ்டமில்லை என்றுதான் எல்லாரும் சொன்னார்கள். முதல் மாதம் எனக்குப் புரியாதது ஒன்றே ஒன்று, விடியல். ஆறரை மணிக்கு வாசல் தெளிக்க எழுந்தால் நட்டநடு ராத்திரி மாதிரி இருட்டு. ஏழு மணி தாண்டித்தான் வெயில் எட்டிப் பார்க்கும். அந்த இருட்டில் என்ன செய்வது என்று தெரியாமல்தான் சைக்கிளை எடுத்தேன்.

சைக்கிள் ஈப்போவில் இரண்டாம் கையாக வாங்கியது, கிராவல் பைக் என்கிறார்கள். பந்தய சைக்கிள் மாதிரி வளைந்த கைப்பிடி, ஆனால் டயர் மட்டும் தடிமனாக, 42 மில்லிமீட்டர். தார் ரோட்டிலும் ஓடும், செம்மண் பாதையிலும் ஓடும். ரொட்டி சானாய்க் கடை அண்ணன் விலையைக் கேட்டுவிட்டு, கையிலிருந்த மாவை வீச மறந்து நின்றார். "மூவாயிரம் வெள்ளியாம்மா? இஞ்சின் எங்க?" என்றார். இன்றைக்கும் என்னைப் பார்த்தால் அதே கேள்விதான், எனக்கும் சிரிப்பு வந்துவிடும்.

தோட்டத்துப் பாதைகளைப் பற்றி எவ்வளவு சொன்னாலும் தீராது. குலை ஏற்றும் லோரி போவதற்காகப் போட்ட கெட்டிச் செம்மண், மேலே பொடிக்கல். டயரில் காற்றை 30 பி.எஸ்.ஐ. அளவுக்குக் குறைத்துவிட்டால் கல்லெல்லாம் சக்கரத்துக்கடியில் நறநறவென்று மட்டும் கேட்கும், முதுகில் தெரியாது. மழை பெய்த மறுநாள் மட்டும் அந்தப் பாதையை நம்பக்கூடாது, சோப்பு தடவினது மாதிரி வழுக்கும். இரண்டு பக்கமும் செம்பனை, மட்டைகள் மேலே கூடி மூடிய மாதிரி. நடுநடுவே கம்பத்தின் மேல் மரப்பெட்டி வைத்திருப்பார்கள், புறாக்கூண்டு என்று நினைத்தேன். எலி பிடிக்க ஆந்தைக்குக் கட்டிக் கொடுத்த வீடாம். ஆந்தை கத்தினால் ஆகாது என்று கதவைச் சாத்தும் ஊரிலிருந்து வந்தவளுக்கு, அதற்கு வீடு கட்டிக் கொடுத்து வா வா என்கிற ஊரைப் பிடித்துப்போயிற்று.

சில இடங்களில் தோட்டத்துக் கேட்டைப் பூட்டியிருப்பார்கள். பழம் திருட்டுப் போகிறது என்பது அவர்கள் கவலை, அதில் நான் ஒன்றும் சொல்வதற்கில்லை. திரும்பி வேறு வழி பார்த்துக்கொள்வேன். காராய் பக்கம் விக்டோரியா பாலம் வரைக்கும் போய்விட்டு வருவது எனக்குப் பிடித்த நீள ஓட்டம். 1900-இல் கட்டி முடித்த ரயில் பாலம், செங்கல் தூண்கள். இப்போது ரயில் பக்கத்துப் புதுப் பாலத்தில் போகிறது. பழைய பாலத்தின் ஓரத்தில் ஒரு ஒடுங்கிய நடைபாதை, எதிரே மோட்டார் சைக்கிள் வந்தால் மூச்சைப் பிடித்து ஒட்டி நிற்கவேண்டும். அங்கே நின்றால் கீழே பேராக் ஆறு. காராய் என்ற பெயர்ப்பலகையை முதல் தடவை பார்த்தபோது கரை என்றுதான் படித்தேன், இன்னும் எனக்கு அது கரைதான்.

ஊர் பழகிவிட்டது என்று அம்மாவிடம் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன். ஆனால் அந்தப் பாலத்தில் நின்றால் கண் தானாகப் படித்துறையைத் தேடுகிறது. எங்களுக்கு ஆறு என்றால் படி. மேட்டூரில் ஜூன் 12 திறந்தார்களா, தண்ணீர் மாயனூர் தாண்டியதா, எத்தனையாவது படி முழுகியது, இதுதான் பேச்சு. அம்மா இன்றைக்கும் போனில் என்னைச் சாப்பிட்டாயா என்று கேட்பதற்கு முன்னால் ஆற்று நிலவரத்தைச் சொல்லிவிடுவாள். தென்கரை வாய்க்கால் கரையில் அப்பா என்னைச் சைக்கிள் பாரில் உட்கார வைத்து ஓட்டிக்கொண்டு போவார், ஒரு பக்கம் வாழை, ஒரு பக்கம் தண்ணீர். காலைக் கடம்பர், மத்தியானச் சொக்கர், அந்தி ஈங்கோய்நாதர் என்று ஒரே நாளில் மூன்று சாமியையும் பார்த்துவிடவேண்டும் என்று கார்த்திகைச் சோமவாரத்தில் கிளம்புவோம். எந்த இடத்தில் சைக்கிளை நிறுத்தினாலும் இறங்கிக் கால் நனைக்கலாம். இங்கே எத்தனை கிலோமீட்டர் ஆற்றோரமாக ஓட்டினாலும் ஆறு பார்ப்பதற்கு மட்டுந்தான். இந்த ஊரில் எனக்கு இருந்த ஒரே குறை இது, அதை யாரிடம் சொன்னாலும் "நீச்சல் குளம் இருக்கே" என்பார்கள்.

புரட்டாசியில் ஒரு காலை, சுங்கை பிளஸ் பக்கம் ஒரு தோட்டத்துக்குள் டயரில் செம்பனை மட்டை முள் ஏறிவிட்டது. விரல் நீள முள். இந்த டயருக்குள் டியூப் கிடையாது, ஓட்டை விழுந்தால் தானே அடைத்துக்கொள்ள உள்ளே வெள்ளையாக ஒரு திரவம் ஊற்றியிருக்கும். முள்ளைப் பிடுங்கியதும் அது சர்ரென்று பீய்ச்சி என் கால் மேலெல்லாம் அடித்தது. புல் அறுத்துக்கொண்டு மோட்டாரில் வந்த ஒரு பாட்டி வண்டியை நிறுத்தினார். அறுபத்தைந்து எழுபது வயதிருக்கும், பின்னால் புல்லுக்கட்டு, முன்கூடையில் அரிவாள்.

"ஏம்மா, டயருக்குள்ள பாலா ஊத்தி வெச்சிருக்கே?"

விரலால் தொட்டார், மூக்கில் வைத்தார். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே தேய்த்தார். அது சுருண்டு நூலாக வந்தது. அந்த நூலை உருட்டிச் சின்ன உருண்டையாக்கி உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே நின்றார்.

"கித்தாப் பால்மா இது. அமோனியா வாசம் அடிக்குதே. பால் உறையாம இருக்க நாங்க ஊத்துவோமே, அதேதான். முப்பது வருஷம் பால் எடுக்க மரம் வெட்டின கை, எனக்குத் தெரியாதா?"

உண்மைதான், நான் வாங்கிய புட்டியிலும் இயற்கை ரப்பர் பால் என்றுதான் போட்டிருந்தது. மரத்தில் உளி கீறிய இடத்தைப் பால் உறைந்து மூடுவது போலத்தான் டயரிலும் மூடுகிறது. ஓட்டை அடிப்பக்கம் வருகிற மாதிரி சக்கரத்தைத் திருப்பி வைத்தேன், இரண்டு நிமிடத்தில் நின்றுவிட்டது. பம்ப் அடிக்கும்போது பாட்டிதான் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டார். இங்கிருந்து அதிகத் தூரமில்லாத கோலகங்சாரில்தான் 1877-இல் முதல் ரப்பர்க் கன்றுகளில் ஒன்பதை நட்டார்கள். 1888-இல் டன்லப் காற்றடைத்த சைக்கிள் டயரைச் செய்தார். முதலில் சைக்கிளுக்கு, அப்புறம் மோட்டார் காருக்கு என்று உலகம் ரப்பரைக் கேட்கக் கேட்க, நம் ஆட்களைக் கப்பல் கப்பலாக இங்கே கொண்டுவந்து இறக்கினார்கள். அந்தக் கை என் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டிருந்தது.

"ஊர்லேர்ந்து வந்தவளா? எந்தப் பக்கம்?"

காவிரிக்கரை என்றேன். அப்படியே ஆடிப்பெருக்குக் கதையும் வாயிலிருந்து வந்துவிட்டது. பாட்டி ஒன்றும் சொல்லவில்லை, மோட்டாரை முடுக்கி, பின்னால் வா என்று கையைக் காட்டினார்.

தோட்டத்து ஆட்கள் குடியிருந்த வரிசை வீடுகள், லயங்கள், இருந்த இடமெல்லாம் இப்போது செம்பனை. மிச்சம் இருப்பது ஒரு மாரியம்மன் கோயில், தகரக் கூரை, வாசலில் வேப்பமரம். அதன் பின்னால் ஒற்றையடிப் பாதை சரிந்து ஓர் ஓடையில் போய் முடிகிறது. சரிவில் சிமெண்டுப் படி. எண்ணிப் பார்த்தேன், ஏழு. ஓரம் உடைந்து பாசி பிடித்திருக்கிறது, ஒரு படியில் ஈரச் சிமெண்டில் யாரோ வைத்த பாதம், குழந்தைப் பாதம்.

"இங்கதான் கரகம் பாலிப்போம். தோட்டத்து ஆளுங்களே மணல் சுமந்து கட்டினது. எல்லாரும் டவுன் பக்கம் போயிட்டாங்க, ஆனா திருவிழாவுக்கு வந்துருவாங்க."

ஷூவைக் கழற்றிவிட்டு இறங்கினேன். தண்ணீர் சில்லென்று இருந்தது, மீன் குஞ்சு வந்து காலைக் கொத்தியது. பையைத் திறந்தால் ஆடிக் கயிறு அப்படியே கிடக்கிறது, மஞ்சள் சாயம் இறங்கிப் பஞ்சர் சாமானெல்லாம் மஞ்சள். பாட்டி அதை வாங்கித் தண்ணீரில் நனைத்து என் கழுத்தில் கட்டிவிட்டு, "பசியாறிட்டியா?" என்றார்.

வீட்டுக்கு வந்ததும் அம்மாவுக்குப் போன் போட்டேன். படித்துறை கிடைத்துவிட்டது என்றேன்.

"தண்ணி எவ்வளவு வருது?" என்றாள்.

ஐந்தாவது படி வரைக்கும் என்றேன்.