சமேரியம் கேள்வியில் நான் தவறிய இடம்

ஜியாலஜி ஹானர்ஸ் வாய்மொழித் தேர்வுக்குப் போகும்போது அரை ஆயுட்காலங்கள் (ஒரு கதிரியக்கப் பொருள் சிதைந்து பாதியாகக் குறைய ஆகும் காலம்) எல்லாம் எனக்குத் தலைகீழ்ப் பாடம். தேர்வாளர் கேட்டது ஒன்றே ஒன்று: "348 கோடி ஆண்டுப் பழைய கொமாட்டியைட்டில் நியோடிமியம்-142 கூடுதலாக இருந்தால், அது எப்போது சேர்ந்தது?" கொமாட்டியைட் என்பது மிகச் சூடான எரிமலைக் குழம்பு உறைந்த பழம்பாறை; சமேரியம்-146 சிதைந்தால் நியோடிமியம்-142 ஆகும். பாறை உறைந்த பிறகு, உள்ளே இருந்த சமேரியம்-146 சிதைந்து வந்தது என்றேன். தப்பு.

அன்று இரவு தென்னாப்பிரிக்காவின் டர்பன் சாட்ஸ்வர்த்தில், அம்மாவின் சமையலறை மேசையில் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். பூமிக்கு வயது சுமார் 456 கோடி. கொமாட்டியைட்டுக்குப் பெயர் தந்த கொமாட்டி ஆற்றங்கரைப் பாறைகள் 348 கோடி. நடுவில் 108 கோடி ஆண்டுகள். சமேரியம்-146 பாதியாகக் குறைய ஏறக்குறைய 10.3 கோடி ஆண்டுகள். அப்படியானால் பத்து முறைக்கு மேல் பாதியாகியிருக்கிறது; ஆயிரத்தில் ஒரு பங்குகூட மிஞ்சாது. பாறை பிறந்தபோது அந்தக் கடிகாரம் நின்றேவிட்டது! கூடுதல் இருந்தால், அது கவசம் (பூமியின் மேலோட்டுக்கு அடியில் உள்ள, இந்தக் குழம்பு உருகி வந்த பாறை அடுக்கு) தந்த சொத்துதான். பூமியின் முதல் 50 கோடி ஆண்டுகளுக்குள்ளேயே கவசம் உருகிப் பிரிந்திருக்க வேண்டும்.

கூடுதல் ஏன், குறைவு ஏன் என்பதில்தான் பலரும் குழம்புகிறார்கள். அம்மா டீ வடிகட்டியபோது எனக்குப் பிடிபட்டது. சாறு முதலில் தண்ணீரில் இறங்கிவிடும், சக்கை நின்றுவிடும். கவசம் உருகும்போது நியோடிமியம் சமேரியத்தைவிட எளிதாக உருகலோடு போய்விடும். மிஞ்சும் சக்கையில் நியோடிமியத்தோடு ஒப்பிட சமேரியத்தின் பங்கு கூடுதல். அதனால் அங்கே நாளடைவில் 142 ஏறும். கிரீன்லாந்து இசுவா பாறைகளில் தெரிவது இந்தக் கூடுதல்தான், பத்து லட்சத்தில் 10 முதல் 20 பங்கு. இவ்வளவு நுண்ணிய வித்தியாசம் இவ்வளவு காலம் அழியாமல் இருந்ததை நினைத்தால் எனக்கு இன்றும் மெய்சிலிர்க்கிறது.

சமேரியம்-147 வேறு; அதே தனிமத்தின் இன்னொரு ஐசோடோப்பு, அதாவது எடை மட்டும் மாறிய அணு வகை. பாதியாக 10,600 கோடி ஆண்டுகள், இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. ஒரே வயதுள்ள மாதிரிகளின் அளவீடுகளைப் புள்ளிகளாக இட்டு இணைக்கும் ஐசோகிரான் கோட்டின் சாய்வு வயதைச் சொல்லும், கோடு அச்சை வெட்டும் இடம் அன்றைய கவசத்தைச் சொல்லும். இதை வாயால் சொல்லாதீர்கள், கேட்பதற்கு முன்பே பலகையில் வரைந்துவிடுங்கள்.

அப்புறம், டங்ஸ்டன். சிதைந்து டங்ஸ்டன்-182 ஆகும் ஹாஃப்னியம்-182க்கு அரை ஆயுள் சுமார் 89 லட்சம் ஆண்டுகள்தான், அதனால் அது இன்னும் முந்திய காலத்துச் சாட்சி. ஆனால் டங்ஸ்டன் வெந்நீரோடு எளிதில் இடம் மாறும். கொமாட்டி ஆறு ஓடும் நம் பார்பர்டன் பகுதிப் பாறைகளில் ஆலிவின் என்ற கனிமம் நீர் பட்டுப் பெரும்பாலும் சர்ப்பென்டைன் என்ற வேறு கனிமமாக மாறியிருக்கிறது. இரண்டாம் முறை தேர்வுக்குப் போனபோது தேர்வாளர் என்னிடம் நீட்டிய கல்லில் புல் கீற்றுகள் போன்ற ஸ்பினிஃபெக்ஸ் படிகங்கள் அழகாகத் தெரிந்தன. நான் ஐசோடோப்பு பேச்சையே எடுக்கவில்லை. "முதலில் மெல்லிய சீவலை நுண்ணோக்கியில் பார்க்கணும் சார், எவ்வளவு மாறியிருக்கிறது என்று" என்றேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார்.