நோட்டீஸ் படிக்கிற வேலை

"மேடம், ரிஜெக்ட் ஆயிடுச்சு போல" என்று தொடங்கும் அழைப்புகளில் நிறைய வெறும் ரசீதைப் பற்றியவை. அமெரிக்கக் குடிவரவுத் துறையான யூ.எஸ்.சி.ஐ.எஸ்., விண்ணப்பம் கைக்குக் கிடைத்ததும் ஐ-797சி என்ற தாளை அனுப்பும். அதன் தலையிலேயே பெரிய எழுத்துகளில் ஒரு வரி இருக்கும்: இந்த அறிவிப்பு எந்தக் குடிவரவு நிலையையும் பலனையும் வழங்கவில்லை. உள்ளபடி அது சொல்வது ஒன்றுதான், "இது ரசீது, இதை வைத்துக்கொண்டு உரிமை கோராதே". ஆனால் கவரைப் பிரித்தவுடன் கண்ணில் படுவது அந்த வரிதான். அதற்குக் கீழே சின்னதாக இருக்கும் ரசீது எண்ணும் தேதியும் அந்த நேரத்தில் யாருக்கும் தெரிவதில்லை.

நியூ ஜெர்சியில் எடிசன் பக்கம் ஒரு குடிவரவு வக்கீல் அலுவலகத்தில் பாராலீகலாக இருக்கிறேன். வக்கீல் இல்லை, சட்ட ஆலோசனை சொல்லும் உரிமையும் எனக்கில்லை. வருகிற தாளைப் பிரித்து, ஸ்கேன் செய்து, கெடுத் தேதியைக் காலண்டரில் ஏற்றி, வக்கீலின் மேசையில் வைக்க வேண்டும். ஆள் தமிழராக இருந்தால் வக்கீல் சொன்னதைப் போனில் எடுத்துச் சொல்வதும் என் தலையில் விழும். ஆகவே நாள் முழுக்க நோட்டீஸ்தான்.

இந்தத் தாள்களில் முக்கால்வாசி யாருக்கும் பொதுவாக முன்பே எழுதி வைத்த வாசகம். உங்களுக்கென்று நிரப்பியவை மேலே உள்ள சில கட்டங்கள்: எந்தப் படிவம், யார் மனுதாரர், யார் பயனாளி, என்ன தேதி. கூடுதல் ஆதாரம் கேட்டு வந்த கடிதமென்றால், நடுவில் ஓர் அதிகாரி உங்கள் கோப்பைப் பார்த்து எழுதிய ஒன்றிரண்டு பத்திகள் இருக்கும். கல்யாணப் பத்திரிகை வந்தால் "நிகழும் மங்களகரமான" என்பதை உட்கார்ந்து வாசிக்கிறோமா? கண் நேரே நாளுக்கும் மண்டபத்துக்கும் போகிறது. இங்கே மட்டும் ஜனங்கள் தலைகீழாக வாசிக்கிறார்கள். ராத்திரி பதினொரு மணிக்கு வாட்சப்பில் எனக்கு வரும் படங்களைப் பார்த்தால் தெரியும். பயமுறுத்திய பத்தியை மட்டும் கிட்டத்தில் பிடித்து எடுத்திருப்பார்கள், கட்டைவிரல் நிழலோடு. வலது மேல் மூலையும் கெடுத் தேதியும் படத்துக்கு வெளியே. முதல் பக்கத்தை முழுசாக அனுப்புங்கள் என்று கேட்டு வாங்குவதிலேயே பாதி நேரம் போகிறது.

ஐ-797 என்பதில் பல வகை உண்டு. எண்ணின் வாலில் இருக்கும் எழுத்துதான் வகையைச் சொல்லும். சி என்றால் ரசீது, கைரேகைக்கு அழைப்பு, கோப்பு வேறு அலுவலகத்துக்குப் போனது போன்ற தகவல்கள். இ வந்தால் கூடுதல் ஆதாரம் கேட்கிறார்கள். ஏ, பி இரண்டுமே ஒப்புதல். ஏ-யின் அடிப்பகுதியில் ஐ-94 என்ற துண்டு சேர்ந்திருக்கும். நீங்கள் எந்த நிலையில் எந்தத் தேதிவரை நாட்டில் இருக்கலாம் என்பதை அந்தத் துண்டு சொல்கிறது. பி-யில் அது கிடையாது.

இந்த ஓரெழுத்தால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு பையன் நினைவுக்கு வருகிறான். மேற்படிப்பு முடித்து, எச்-1பி என்ற வேலை விசாவுக்கான குலுக்கலில் பெயர் விழுந்து, மாணவர் நிலையிலிருந்து அப்படியே வேலை நிலைக்கு மாற கம்பெனி மனுப் போட்டிருந்தது. வந்தது பி. ஒப்புதல் என்ற சொல்லைப் பார்த்ததும் வீட்டுக்கு போன் போட்டுவிட்டான். ஊரில் பிள்ளையாருக்குத் தேங்காயும் உடைத்தாகிவிட்டது. ஆனால் அந்தத் தாள் சொன்னது, கம்பெனியின் மனு சரி, இந்த நாட்டுக்குள் இருந்தபடியே நிலை மாறும் கோரிக்கை சரியில்லை என்பது. அதன் காரணம் தனிக் கடிதமாகப் பின்னால் வந்தது. அக்டோபர் 1 அன்று அவன் எச்-1பி-யில் வேலையைத் தொடங்க முடியாது; ஊருக்குப் போய்த் தூதரகத்தில் விசா ஸ்டாம்பிங் முடித்துத் திரும்பி வர வேண்டும். "அப்ரூவ்டுன்னுதானே போட்டிருக்கு அக்கா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டான். போட்டிருந்தது உண்மைதான்.

ஐ-94 பற்றி இன்னொன்று. நோட்டீஸில் மூன்று வருடம் கொடுத்திருப்பார்கள். ஆள் இடையில் ஊருக்குப் போய்த் திரும்புவார். விமான நிலையத்தில் எல்லை அதிகாரி பாஸ்போர்ட்டைப் பார்த்து, அது முன்னதாகவே காலாவதி ஆகிறதென்றால், அந்தத் தேதிவரை மட்டும் அனுமதி போடுவது வழக்கம். பொதுவாகக் கடைசியாகக் கிடைத்த ஐ-94 தான் கணக்கு. வீட்டில் ஃபைலில் பத்திரமாக இருக்கும் ஐ-797ஏ-யில் உள்ள தேதியை நம்பிக்கொண்டிருப்பவருக்கு இது தெரியாது. இந்த இடத்தில் நோட்டீஸ் எதுவும் தபாலில் வராது என்பதுதான் சிக்கலே. எல்லைக் காவல் துறையின் இணையதளத்தில் நாமே போய்ப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு பயணத்துக்குப் பிறகும் பாருங்கள் என்று நான் சொல்வதை ஒரு தொல்லையாகத்தான் எல்லாரும் எடுத்துக்கொள்கிறார்கள்.

இனி ஆர்.எஃப்.இ. கூடுதல் ஆதாரம் கேட்கும் கடிதத்தை இங்கே எல்லாரும் அந்த மூன்றெழுத்தில்தான் சொல்வார்கள். "எனக்கு ஆர்.எஃப்.இ. வந்துடுச்சு" என்று சொல்லும் குரலை வைத்தே எந்த நோட்டீஸ் என்று கண்டுபிடித்துவிடலாம். எச்-1பி மனுவுக்கு வருவது பல பக்கம் நீளும். விதியை எடுத்தெழுதி, இன்ன இன்ன ஆதாரம் தரலாம் என்று நீளமாக அடுக்கி, "இவை மட்டுமே என்றில்லை" என்றும் சேர்த்திருப்பார்கள். அந்த அடுக்கு முழுவதையும் கொடுத்தாக வேண்டும் என்று நினைத்து ஆட்கள் மலைத்துப்போகிறார்கள். எங்கள் வக்கீல் ஒரு மஞ்சள் பேனாவை எடுத்து, "நீங்கள் இதைச் சமர்ப்பித்தீர்கள், ஆனால்" என்று வரும் இடங்களை மட்டும் தேடிக் கோடு போடுவார். "ஆனால்" என்பதற்குப் பிறகு வருவதுதான் கேள்வி. பன்னிரண்டு பக்கக் கடிதத்தில் சில சமயம் நாலே வரி மஞ்சளாகும்.

நாள் கணக்கு கறாரானது. ஆர்.எஃப்.இ.க்குச் சட்டப்படி தரக்கூடிய அதிகபட்சம் 12 வாரம், அதாவது 84 நாள். நோட்டீஸ் தபாலில் வருவதற்காக மூன்று நாள் சேரும். எல்லாருக்கும் 84 தருவார்கள் என்றில்லை, தாளில் அச்சிட்ட தேதியே தேதி. அது பதில் அவர்கள் கையில் இருக்க வேண்டிய தேதி, நாம் தபாலில் சேர்க்கும் தேதி இல்லை. நீட்டிப்பு கேட்க வழியில்லை. ஒரே தடவைதான் பதில். கொஞ்சம் இன்றைக்கு, மிச்சம் அடுத்த வாரம் என்று அனுப்பினால், முதலில் போனதை வைத்தே முடிவெடுக்கச் சொன்னதாகக் கொள்வார்கள். கொரோனா காலத்தில், 2020 மார்ச் முதல் 2023 மார்ச் 23 வரை தேதியிட்ட நோட்டீஸ்களுக்கு, கெடு முடிந்து 60 நாள்வரை வந்த பதிலையும் ஏற்றார்கள். அந்தச் சலுகை முடிந்து எவ்வளவோ காலமாகிறது. ஆனாலும் "என் ஃபிரெண்டுக்கு ரெண்டு மாசம் கூடக் குடுத்தாங்களே" என்று சொல்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். நண்பர் பொய் சொல்லவில்லை. அவருடைய நோட்டீஸ் வேறு வருடத்து நோட்டீஸ்.

பிரீமியம், அதாவது சீக்கிரம் பரிசீலிக்கத் தனிக் கட்டணம், கட்டினால் 15 வேலை நாளில் ஒப்புதல் வரும் என்று நம்புவதும் இப்படித்தான். அந்தப் பணம் வாங்கித் தருவது ஏதாவது ஒரு நடவடிக்கையை. ஆர்.எஃப்.இ.யும் ஒரு நடவடிக்கைதான்.

தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்களுக்கு கிரீன் கார்டு விண்ணப்பத்தில் தனியாக ஓர் ஆர்.எஃப்.இ. காத்திருக்கும்: பிறப்புச் சான்றிதழ். நம் ஊரில் ஆஸ்பத்திரியில் பிள்ளை பிறந்ததும் பதிவு நடந்துவிடும். பெயர் வைப்பது பிறகு, பாட்டி வந்து, ஜோசியர் எழுத்துச் சொல்லி. பெயரைச் சேர்க்க நகராட்சிக்குத் திரும்ப யார் போவார்கள்? பெயர்க் கட்டம் காலியாகவே இருக்கும். கோவில்பட்டிப் பக்கத்து ஆள் ஒருவர், நாற்பது தாண்டியவர். அவருடைய சான்றிதழில் அப்பா பெயர் முன்னால் ஒரு இனிஷியலோடு இருந்தது. பாஸ்போர்ட்டில் அந்த இனிஷியல் தாத்தாவின் முழுப்பெயராக நீண்டு பின்னால் போயிருந்தது. சான்றிதழில் அவருடைய சொந்தப் பெயர்க் கட்டத்தில் ஒரு கோடு மட்டும். ஆர்.எஃப்.இ.யில் மஞ்சளான வரி இதுதான்: சமர்ப்பித்த சான்றிதழில் விண்ணப்பதாரரின் பெயர் இல்லை.

விதியில் இதற்கு வழி உண்டு. மூல ஆவணம் கிடைக்காவிட்டாலோ குறையாக இருந்தாலோ, பள்ளிச் சான்றிதழ் போன்ற இரண்டாம்நிலை ஆதாரம். அதுவும் போதாதென்றால், நிகழ்ச்சியை நேரடியாக அறிந்த இரண்டு பேரின் உறுதிமொழிப் பத்திரம். பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலும் டி.சி.யும் கைவசம் இருந்தன. (பள்ளியில் சேர்க்க வயது பத்தவில்லை என்று வாத்தியாரே பிறந்த தேதியை முன்தள்ளிப் போட்ட குடும்பங்களுக்கு இங்கே இன்னொரு தலைவலி உண்டு. இவருக்கு நல்லவேளையாகத் தேதி ஒத்துப்போனது.) சித்தியும் தாய்மாமாவும் பத்திரம் கொடுக்க முன்வந்தார்கள்.

ஊரிலிருந்து முதலில் வந்த பத்திரம் நோட்டரி வாசலில் டைப் அடிக்கும் வழக்கமான வாசகம்: "எனக்குத் தெரிந்தவரை மேற்படியார் மேற்படி தேதியில் பிறந்தார் என்பதை இதன்மூலம் உறுதி கூறுகிறேன்." வக்கீல் அதைத் தள்ளி வைத்துவிட்டார். தெரிந்தவரை என்றால் எப்படித் தெரியும்? அதைத்தான் கேட்கிறார்கள். நான் அந்தச் சித்தியிடம் போனில் பேசினேன்.

"அம்மா, அவர் பிறந்தப்ப நீங்க எங்க இருந்தீங்க?"

"எங்க இருந்தேனா? எம்மா, நாந்தான் அக்காகூட ஆஸ்பத்திரியில கெடந்தேன். ஐப்பசி மாசம், அடமழை. பிள்ளையைத் துணியில சுத்தி என் கையிலதான் மொதல்ல குடுத்தாக."

"அப்ப உங்களுக்கு என்ன வயசும்மா?"

"கல்யாணம் ஆகல. பத்தொம்பது இருக்கும். இதையெல்லாமா எழுதணும்? இங்க நோட்டரி வக்கீலய்யா வேண்டாம்னுட்டாரே."

இதைத்தான் எழுத வேண்டும். அவர் பெயர், முகவரி, பிறந்த தேதி, ஊர், என்ன உறவு, அன்றைக்கு ஏன் அங்கே இருந்தார், எதைக் கண்ணால் பார்த்தார். ஐப்பசியை அக்டோபராக்கி, மழையையும் துணியையும் விடாமல் வைத்து, அவர் சொன்ன வரிசையிலேயே எழுதி அனுப்பினோம். நோட்டரி, இப்படியெல்லாம் பத்திரத்தில் போடும் வழக்கமில்லை என்று முதலில் முரண்டு பிடித்தாராம். சித்தி விடவில்லை. அப்பாவின் இரண்டு பெயரும் ஒரே ஆளுடையது என்று இன்னொரு பத்திரமும் சேர்ந்தது. ஆர்.எஃப்.இ.யின் மூலத்தாளை எல்லாவற்றுக்கும் மேலே வைத்து ஒரே கட்டாக அனுப்பினோம். பதில்கள் போய்ச் சேரும் தபால் அறையில் அந்தத் தாள்தான் கட்டைச் சரியான கோப்போடு சேர்க்கும். அதன் மேல் வேறு எதையும் வைக்கக் கூடாது.

மறுக்க உத்தேசித்திருக்கிறோம் என்று வரும் கடிதம் வேறு ஜாதி. அதற்கு அதிகபட்சம் 30 நாள்தான், தபாலுக்கு மூன்று நாள். அதிகாரி ஏறக்குறைய முடிவெடுத்துவிட்டு, கடைசியாக ஒரு தடவை கேட்கிறார். இதைப் போனில் விளக்க நான் முனைவதே இல்லை. நேரே வக்கீலிடம் கொடுத்துவிடுவேன். 2025 பிப்ரவரி இறுதியில் வந்த கொள்கைக் குறிப்புக்குப் பிறகு இன்னும் கவனம் வேண்டியிருக்கிறது. மறுப்புக்குப் பின் சட்டப்படியான நிலை இல்லாமல் இருப்பவருக்குக் குடிவரவு நீதிமன்றத்தில் ஆஜராகும்படி அழைப்பாணை அனுப்பலாம் என்று அது விரிவாக வழிவகுக்கிறது. முன்பு மறுப்பு வந்தால் அடுத்து என்ன என்று நிதானமாக யோசிக்கலாம் என்பார்கள். இப்போது அப்படிச் சொல்ல யாருக்கும் வாய் வருவதில்லை.

வீடு மாறினால் பத்து நாளுக்குள் ஏ.ஆர்.-11 படிவத்தில் புது முகவரியைத் தெரிவிக்க வேண்டும். தபால் நிலையத்தில் மட்டும் மாற்றிவிட்டு நிம்மதியாக இருக்கக் கூடாது. கைரேகை அழைப்பு பழைய வீட்டுக்குப் போய், ஆள் போகாமல் விட்டால், விண்ணப்பத்தைக் கைவிட்டதாகக் கொள்ளலாம்.

ஒப்புதல் வந்தால் யாரும் அதைப் படிப்பதில்லை. பெயரில் ஓர் எழுத்து, பிறந்த தேதியில் ஓர் எண் மாறியிருந்தால் அப்போதே பிழைத்திருத்தம் கேட்க இணையத்தில் வசதி இருக்கிறது. படமெடுத்துக் குடும்பக் குழுவில் போடுவதற்கு முன் ஒரு நிமிடம் போதும்.

அதிலும் ஐ-140. அது ஊழியரின் கிரீன் கார்டுக்காகக் கம்பெனி போடும் மனு என்பதால் ஒப்புதல் தாள் கம்பெனிக்கும் அதன் வக்கீலுக்கும் போகும். ஊழியருக்குக் கொடுத்தாக வேண்டும் என்று கட்டாயமில்லை. ஆனால் அதில் "முன்னுரிமைத் தேதி" என்றொரு கட்டம் இருக்கிறது. இந்தியாவில் பிறந்தவர்கள் பத்து வருடத்துக்கு மேல் நிற்கும் வரிசையில் அவர்களுடைய இடம் அந்தக் கட்டம்தான். கம்பெனி மாறினாலும் அந்தத் தேதி கூட வரும். 2017 ஜனவரி முதல் நடப்பில் உள்ள விதிப்படி, ஒப்புதலாகி 180 நாள் கழிந்துவிட்டால், பழைய கம்பெனி மனுவைத் திரும்பப் பெற்றாலும் அந்த ஒரு காரணத்துக்காக ஒப்புதலை ரத்து செய்வதில்லை. சேலத்துப் பெண் ஒருவர் இரண்டாவது கம்பெனிக்கு மாறி எங்களிடம் வந்தபோது, பழைய ஐ-140 இருந்ததாக ஞாபகம் என்றார், கையில் ஒன்றுமில்லை. பழைய எச்.ஆர். பதில் போடவில்லை. மின்னஞ்சலில் தேடித் தேடி, முன்பு யாரோ "உங்கள் தகவலுக்கு" என்று அனுப்பிய ஒரு வரியில் ரசீது எண் கிடைத்தது, எஸ்.ஆர்.சி. என்று தொடங்கும் பதின்மூன்று எழுத்தெண்கள். அதைப் புதிய மனுவில் குறிப்பிட்டோம். புதிய ஒப்புதல் வந்தபோது முதலில் அந்தக் கட்டத்தைத்தான் பார்த்தேன். 2013 என்றே இருந்தது.