ஒரே முகூர்த்தம், ரெண்டு கல்யாணம்: தேய்ந்த காமெடிக் கதைகளைப் பிரித்துப் பார்த்தால்

லிஃப்ட்டில் ரெண்டு பேர் மாட்டிக்கொள்ளும் கதையை எழுதி முடித்துவிட்டு, படம்பிடிக்க லிஃப்ட் தேடிக் கும்பகோணத்தைச் சுற்றிவருகிற காமெடிக் குழுக்கள் உண்டு. கல்லூரி ஆண்டுவிழா நாடகமோ யூடியூப் சேனலோ, டெல்டாவில் காமெடி எழுதுகிறவர்கள் கையில் இருக்கும் கதைகளில் பல அமெரிக்க சிட்காமிலும் (டிவி காமெடித் தொடர்) கார்ட்டூனிலும் ஓடி ஓடித் தேய்ந்தவை. அதை எடுத்ததில் தப்பே இல்லை. ஒரு கதை அத்தனை வருஷம் ஓடியிருக்கிறது என்றால் உள்ளே எடை தாங்கும் கம்பி ஒன்று இருக்கும். கம்பியை அங்கேயே விட்டுவிட்டு மேல்பூச்சை மட்டும் ஊருக்குக் கொண்டுவந்தால்தான் சிரிப்பு வர மறுக்கிறது.

இருப்பதிலேயே பழசு, ஒரே நேரத்தில் ரெண்டு இடத்தில் இருக்கவேண்டிய ஆளின் கதை. 18ஆம் நூற்றாண்டில் இத்தாலியின் கோல்டோனி எழுதிய நாடகத்தில் ஒரு வேலைக்காரன் ரெண்டு முதலாளிகளுக்கும் ஒரே வேளையில் சாப்பாடு பரிமாறுகிறான். 1993இல் வந்த ‘மிஸஸ் டவுட்ஃபயர்’ படத்தில் ராபின் வில்லியம்ஸ் ஒரே ஓட்டலில் ரெண்டு மேஜைகளுக்கு நடுவே வேஷம் மாற்றி மாற்றி ஓடுகிறார். சிட்காமில் இது ‘ரெண்டு காதலி, ஒரே ராத்திரி’ என்று நிலைத்துவிட்டது. அதை அப்படியே தஞ்சாவூருக்கு இறக்கினால் ரெண்டு பெண்களை ஏமாற்றுகிறவன் மேல் யாருக்கும் பரிவு வராது. மாட்டினால் நல்லது என்றுதான் பார்ப்பவர் உட்கார்ந்திருப்பார். இந்தக் கதையின் கம்பி காதல் கிடையாது. ரெண்டு பக்கமும் தட்டமுடியாத கடமை, அதுதான் கம்பி.

அந்தக் கடமை நம் ஊரில் ரெடிமேடாகக் கிடைக்கிறது. ஒரே முகூர்த்தத்தில் ரெண்டு கல்யாணம். ஒன்று பெண்டாட்டி வழி, இன்னொன்று மேலதிகாரி வீட்டு விசேஷம். ரெண்டிலும் முகத்தைக் காட்டியே ஆகவேண்டும், போகாவிட்டால் பத்து வருஷத்துக்குப் பேச்சு. இடத்துக்கு சுவாமிமலையைப் பாருங்கள். கோயிலுக்கு ஏற 60 படி, தமிழ் வருஷங்கள் அறுபதுக்கும் ஒவ்வொன்று. மேலே சன்னதியில் ஒரு கல்யாணம், கீழே தெருவில் உள்ள மண்டபத்தில் இன்னொன்று. ஓடுகிறவனுக்கு மூச்சு வாங்குவதே காமெடியை ஏற்றிக்கொண்டு போகும். கும்பகோணத்தில் ஒன்று, மயிலாடுதுறையில் ஒன்று என்று வைத்துவிடாதீர்கள். நடுவில் பஸ் வந்துவிடும், பஸ்ஸில் உட்கார்ந்ததும் வேகம் செத்துவிடும். ஆள் கிளம்பினான், சேர்ந்தான் என்பது பத்து விநாடிக்குள் திரையில் முடியவேண்டும்.

நேரக் கணக்கு இப்படி. அமெரிக்காவில் அரைமணி ஸ்லாட்டில் விளம்பரம் போக மிஞ்சுவது சுமார் 22 நிமிஷம். முதல் ரெண்டு நிமிஷத்தில் ரெண்டு பத்திரிகையும் ஏன் தட்டமுடியாது என்பதும். மூன்றிலிருந்து ஏழு வரை முதல் ஓட்டம், அது சுத்தமாக ஜெயிக்கவேண்டும். இங்கேதான் முக்கால்வாசிப் பேர் சறுக்குகிறார்கள். முதல் ஓட்டத்திலேயே வேட்டி அவிழ்ந்து, ஆள் மாறிப்போய், எல்லாமே சொதப்பல் என்று வைத்துவிட்டால், எவ்வளவு கெட்டுப்போனது என்று அளக்கப் பார்ப்பவருக்கு அளவுகோலே இருக்காது. ஒன்பதாவது நிமிஷத்தில் கீழ்க் கல்யாணத்தில் யாராவது அவன் தோளில் கைபோட்டு, “மாப்ளே, இந்தப் பந்தியைக் கொஞ்சம் பார்த்துக்கோ” என்று பொறுப்பைக் கட்டவேண்டும். அதுவரை தலைகாட்டினால் போதும் என்றிருந்தவன் இனி அங்கேயே நிற்கவேண்டியவன் ஆகிறான். அதற்குப் பிறகு ஐந்து ஓட்டம், ஒவ்வொன்றும் முன்னதைவிடச் சின்னதாக: 90 விநாடி, 60, 40, 25, 15. ஏழெட்டு நிமிஷ வீடியோ என்றால் மூன்று ஓட்டமே தாராளம்.

மாட்டிக்கொடுக்க ஒரு பொருள் வேண்டும். ரெண்டு குடும்பமும் தெருவில் நேருக்கு நேர் சந்திப்பது அரதப்பழசு. மணமக்கள் பெயர் அச்சடித்த தாம்பூலப் பை இருக்கிறதே, அது போதும். மேல் கல்யாணத்துப் பை கீழ்க் கல்யாணத்தில் அவன் கையில் தொங்கவேண்டும். ஆனால் அந்தப் பையையும் அதிலுள்ள எழுத்தையும் நான்காவது நிமிஷத்திலேயே ஒருமுறை சாதாரணமாகக் காட்டியிருக்கவேண்டும், இல்லாவிட்டால் கடைசியில் வானத்திலிருந்து விழுந்த மாதிரி இருக்கும். மொய்யை மைக்கில் வாசிக்கிற ஊராக வைத்தால் இன்னும் வசதி. கவர் மாறி, மேலதிகாரிக்கு 101 ரூபாயும் தூரத்துச் சொந்தத்துக்கு 1001 ரூபாயும் போய்விட்டது என்பதை ஒலிபெருக்கியே ஊருக்குச் சொல்லிவிடும். தற்செயல் ஒன்று வந்தால் அது நாயகனின் கஷ்டத்தைக் கூட்டலாம். அவனைக் காப்பாற்ற ஒருமுறைகூட வரக்கூடாது.

இப்போது அந்த லிஃப்ட். ஒரே அறைக்குள் முழுக் கதையையும் முடிப்பது முதலில் பட்ஜெட் தந்திரம். புது செட் இல்லை, வெளிப்புறப் படப்பிடிப்பு இல்லை, கூடுதல் நடிகர் இல்லை. ‘சைன்ஃபெல்ட்’ என்ற அமெரிக்க சிட்காம் 1991இல் சைனீஸ் ரெஸ்டாரன்ட்டில் மேஜைக்குக் காத்திருக்கும் மூன்று பேரை மட்டும் வைத்து ஒரு பாகம் முழுக்க ஓட்டியது. அங்கே கதவு திறந்துதான் இருக்கிறது, பசியும் ‘இதோ கூப்பிட்டுவிடுவார்கள்’ என்ற நம்பிக்கையும் அவர்களைக் கட்டிப்போட்டிருக்கின்றன. லிஃப்டுக்குப் பதில் ரயில்வே கேட் என்று சிலர் எழுதுகிறார்கள். நம் ஊரில் கேட் போட்டால் பைக்கைச் சாய்த்துக் குனிந்து போய்க்கொண்டே இருக்கிற ஜனம் உண்டு, அது அடைப்பே இல்லை. கரண்ட் கட்டும் இன்வெர்ட்டர் வந்த பிறகு பல் போனது.

கல்யாண மண்டபத்து உக்கிராண அறைதான், அதாவது சமையல் சாமான் வைக்கிற அறைதான், சரியான இடம். தாழ்ப்பாள் வெளிப்பக்கம், சாவி சமையல் மாஸ்டர் இடுப்பில். உள்ளே கத்தினால் கேட்காது, ஏனென்றால் வெளியே தவில். மாட்டுகிற ரெண்டு பேரில் ஒருவர் தாய்மாமன் என்றால் சீர் நிற்கும், சடங்கு நிற்கும், கடிகாரம் தானாக ஓடும். மற்றவர் அவரோடு நிலத்தகராறில் பேச்சுவார்த்தை இல்லாத பங்காளி. கையாள இலைக்கட்டு, தேங்காய் மூட்டை, எண்ணி வைத்த லட்டுத் தட்டுகள் எல்லாம் உள்ளேயே இருக்கின்றன. எண்ணி வைத்தது என்பதைக் கவனியுங்கள். பசியில் ஒன்றைத் தின்றால் கணக்கு உதைக்கும், பிறகு அந்தத் திருட்டை மறைக்க ரெண்டு பேரும் கூட்டுச் சேர்ந்தாகவேண்டும். ராசியாவது அழுகையில் வந்தால் சலிப்பு, லட்டுக் கணக்கில் வந்தால் சிரிப்பு.

ஒரே சம்பவத்தை ஆளுக்கொரு விதமாகச் சொல்வது ஜப்பானிய இயக்குநர் குரோசாவாவின் ‘ரஷோமான்’ (1950) போட்ட பாதை. தமிழில் 1954இலேயே ‘அந்த நாள்’ அதில் நடந்துவிட்டது. சிட்காமில் இதைப் பார்க்க நல்ல பாடம் 1973இல் ‘ஆல் இன் தி ஃபேமிலி’ செய்தது: ஃப்ரிட்ஜ் ரிப்பேருக்கு வந்தவர்களைப் பற்றி மாமனாரும் மருமகனும் ஆளுக்கொரு கதை விடுகிறார்கள், கடைசியில் யார் பக்கமும் சாயாத மாமியார் நடந்ததைச் சொல்கிறாள். அந்த வரிசையை மாற்றாதீர்கள். டெல்டாவுக்கு இதைவிடப் பொருத்தமான கேள்வி கிடையாது: தண்ணீர் முறை வருவதற்கு முன்னால் ராத்திரியில் மடையைத் திறந்தது யார்? மண்வெட்டி, டார்ச், தோள் துண்டு, இந்த மூன்று பொருளும் எல்லாக் கதையிலும் வரவேண்டும், கேமரா ஒரே இடத்தில் நிற்கவேண்டும். ஒருவர் கதையில் துண்டு தலைப்பாகை, அடுத்தவர் கதையில் முகமூடி. யார் குற்றவாளி என்பது மட்டும் மாறி, நடந்த விதம் மாறாவிட்டால் மூன்றாவது தடவை பார்ப்பவர் கையில் போனை எடுத்துவிடுவார்.

அரைகுறையாகக் காதில் விழுந்த பேச்சால் வரும் குழப்பத்தை 1977 முதல் 1984 வரை ஓடிய ‘த்ரீஸ் கம்பெனி’ சிட்காம் பிழிந்து எடுத்துவிட்டது. நம் பக்கம் அது கிழ மாட்டை விற்கிற பேச்சைத் தாத்தா தன்னைப் பற்றி என்று நினைத்துக்கொள்வதாக வருகிறது, தயவுசெய்து போதும். இந்த வகையை எழுதினால் ஒரு சோதனை செய்துபாருங்கள். ஒட்டுக்கேட்கிறவரை எடுத்துவிட்டு வசனத்தைப் படியுங்கள். அப்போதும் அந்த ரெண்டு பேர் அப்படித்தான் பேசிக்கொள்வார்களா? மாடு என்ற வார்த்தையை மட்டும் நாலு வரிக்கு விழுங்கிக்கொண்டு யாரும் மாட்டு வியாபாரம் பேசுவதில்லை. ஒரு போன் போட்டால் தீர்ந்துவிடுமே என்ற கேள்விக்கு ‘சார்ஜ் இல்லை’ என்று பதில் எழுதுவதும் தேய்ந்துவிட்டது. போன் நன்றாக வேலை செய்யட்டும். பாதியில் அறுந்த வாய்ஸ் மெசேஜ் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் விழுந்தால் குழப்பம் நாற்பது பேருக்குப் பரவும்.

கார்ட்டூனில் திரும்பத் திரும்ப வருவதற்குக் காரணம் பெரும்பாலும் பணமும் உழைப்பும்தான். விநாடிக்கு 24 பிரேம், ஒரு படத்தை ரெண்டு பிரேமுக்கு நிறுத்தினால் 12 படம். ஏழு நிமிஷத்துக்குக் கணக்குப் போட்டால் 5,040 படம், அதுவும் ஒரு உருவத்துக்கு மட்டும். டிவிக்கு அந்தச் செலவு கட்டாது. அதனால்தான் ஹன்னா பார்பெரா என்ற கார்ட்டூன் நிறுவனம் யோகி கரடிக்குக் காலர் மாட்டியது. காலருக்குக் கீழே உடம்பு அசையாமல் நிற்க, தலையை மட்டும் வரைந்தால் போதும். 1969இல் வந்த ‘ஸ்கூபி டூ’வில் துரத்தும்போது அதே கதவும் அதே விளக்கும் திரும்பத் திரும்பப் பின்னால் ஓடுவதும் அந்தச் சிக்கனம்தான். இதை நடிகர்களை வைத்துப் பகடி செய்வது சுலபம்: சட்டைக்கு மேல் அட்டையில் ஒரு காலர், கழுத்துக்குக் கீழே அசைவே கூடாது, பின்னால் ஒரே ஆள் அதே வாழைக்கன்றைத் தூக்கிக்கொண்டு மூன்று முறை கடந்து போகவேண்டும். நாலாவது முறை வேண்டாம்.

‘டோரேமான்’ கதையைப் பகடி செய்கிறவர்கள் நோபிதாவின் அழுகையோடு நின்றுவிடுகிறார்கள். பையன் நோபிதாவின் அழுகை, ரோபோ பூனை டோரேமான் கொடுக்கும் கருவி, வெற்றி, பேராசை, கவிழ்வு என்று அது ஐந்து படி. கருவி தானாகக் கெட்டுப்போகக்கூடாது, நாலாவது படியில் அவன் பேராசைப்பட்டுத்தான் அது கெடவேண்டும்.

‘ஏற்கெனவே யாரோ எடுத்தது’ என்ற பயத்துக்கும் ஒரு கார்ட்டூன் பதில் சொல்லிவிட்டது. 2002இல் ‘சவுத் பார்க்’, எந்தக் கதையை யோசித்தாலும் 1989 முதல் ஓடும் ‘சிம்ப்சன்ஸ்’ அதைச் செய்துவிட்டது என்பதையே ஒரு பாகமாக எடுத்தது. கடைசியில் சிம்ப்சன்ஸும் அதை ‘ட்விலைட் ஸோன்’ தொடரிலிருந்து எடுத்ததுதானே என்று சொல்லி முடித்தது.

பகடிக்கு முதல் தேவை, மூலம் எல்லாருக்கும் தெரிந்திருப்பது. ‘இட்ஸ் எ வொண்டர்ஃபுல் லைஃப்’ 1946இல் வந்த படம். 1974இல் காப்புரிமையைப் புதுப்பிக்காமல் விட்டுவிட்டார்கள், டிவி நிலையங்கள் கிறிஸ்துமஸ் தோறும் காசு கொடுக்காமல் போட்டுத் தள்ளின, ஜனங்களுக்கு மனப்பாடம் ஆனது. பிறகு அதைப் பகடி செய்யாத சிட்காமைத் தேடவேண்டியதாயிற்று. நம் ஊரில் பண்டிகை நாள் மறுஒளிபரப்பு அதே வேலையைச் செய்கிறது. அதனால்தான் ‘கரகாட்டக்காரன்’ (1989) வாழைப்பழத்தைக் கையில் எடுக்காத கல்லூரி மேடை இல்லை.

அதில் பாதிப் பேர் எடுப்பது கவுண்டமணியின் கத்தலையும் செந்திலின் முழியையும். காட்சியின் கம்பி வேறு. வாங்கிய பழம் ரெண்டு, ஒன்று தின்றாயிற்று, ஒன்று இருக்கிறது. இன்னொன்று எங்கே என்று கேட்டால், கையில் இருப்பதே அந்த இன்னொன்று. பதிலில் பொய்யே கிடையாது, அதனால்தான் கேட்பவருக்குப் பைத்தியம் பிடிக்கிறது. இதைப் புதுசாக எழுதினால் மூன்று நிபந்தனை: பொருள் ரெண்டும் அச்சு அசலாக ஒன்றுபோல இருக்கவேண்டும், ஒன்று திரும்ப வராதபடி தீர்ந்திருக்கவேண்டும், சொல்கிறவன் அப்பாவியாகச் சொல்லவேண்டும். ரெண்டு உர மூட்டை சரிப்படும், ஒன்று வயலில் போட்டாயிற்று. ரெண்டு செல்போன் சரிப்படாது, நம்பரைக் கேட்டால் எது எதென்று தெரிந்துவிடும்.

விஜய் டிவியின் ‘லொள்ளு சபா’ சினிமாவைப் பகடி செய்தபோது மலிவான செட்டையும் ஜோக்காகவே வைத்துக்கொண்டது. இன்றைய குழுக்கள் டிரோன், கலர் கிரேடிங் என்று மூலத்தைவிட அழகாக எடுத்துவிட்டு, பகடி ஏன் பகடியாகத் தெரியவில்லை என்று கேட்கிறார்கள். மெகா சீரியலின் மூன்று ஜூம், மூன்று இடி இருக்கிறதே, அதைக் கேலி செய்வது சீரியலைவிடப் பழசாகிவிட்டது, அதையும் தொடவேண்டாம்.

பகடியின் நீளம் ஒன்றரை நிமிஷத்திலிருந்து ரெண்டு நிமிஷம். ஒரு காட்சி, மூன்று திருப்பம், வெட்டு. மூலப் படத்தின் பின்னணி இசையை அப்படியே ஒட்டினால் யூடியூப்பில் உரிமைக் கோரல் வந்து வருமானம் வேறு இடத்துக்குப் போகலாம். நாதஸ்வரமும் தவிலும் வைத்து நீங்களே புது மெட்டு எடுப்பது டெல்டாவில் கஷ்டமில்லை, வாசிக்கிறவர்கள் பக்கத்து ஊரிலேயே இருக்கிறார்கள். ஒலிப்பதிவுத் தேதியை மட்டும் ஆடியிலோ மார்கழியிலோ வைத்துக்கொள்ளுங்கள், முகூர்த்த மாதத்தில் ஆள் கிடைக்காது.